புகழுக்கு விலை கேட்கும் பேய்ப்படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

பாளை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் எட்டுப் பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடிப் படம் பார்ப்பதை மூன்று ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டிவிட்டால் அதுவே எங்களுக்குத் திரை. கார்த்திகை மழை ஓய்ந்து தை மாதத்தில் தொடங்கும் அடுத்த சுற்றில் நான்கு பேய்ப்படங்களைப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. நான்கும் ஒரே பொருளைச் சுற்றியவையாக இருக்கவேண்டும் என்பது என் விருப்பம்: பேரும் புகழும் வேண்டிப் புறப்பட்ட ஒருவர் அதற்காக எதைக் கொடுக்க நேர்கிறது என்பதைச் சொல்லும் படங்கள்.

இந்த எண்ணத்தை என் தலையில் ஏற்றியவள் என் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள், வயது இருபது. குறுக்குத்துறைப் படித்துறையில் அவள் ஆடிய ஒரு நிமிட நடனத்தைச் சென்ற ஆண்டு கைப்பேசியில் எடுத்துப் போட்டாள். அவளே எதிர்பாராத அளவுக்கு அதைப் பலர் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் பல் துலக்குவதற்கு முன்பே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவது அவள் வழக்கமாகிவிட்டது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் நன்றாகவே ஆடுகிறாள். சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது வயதானதால் வேலை இழக்கும் ஒரு தொலைக்காட்சி நட்சத்திரத்தின் கதையான, 2024-ல் வெளிவந்த 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தை இருவரும் பார்த்தோம். வாய் திறக்காமல் முழுப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டு, எழுந்து போகும்போது, "மாமா, இந்தப் படம் அந்த அம்மாவுக்காக அழுவுதா, இல்ல அந்த அம்மாவப் பாத்துச் சிரிக்குதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே இங்கே இரண்டு காரியங்களுக்காக வந்திருக்கிறேன். எந்த நான்கு படங்களை எந்த வரிசையில் வைக்கலாம் என்பது ஒன்று. இத்தகைய படங்கள் உண்மையிலேயே புகழின் கொடுமையைக் காட்டுகின்றனவா, அல்லது 'ஆசைப்பட்டாய் அல்லவா, அனுபவி' என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் பெரியவரைப் போல ஆசைப்பட்டவளைத் தண்டித்து மகிழ்கின்றனவா என்பது மற்றொன்று. முடிவுகளை மட்டும் தயவுசெய்து வெளிப்படுத்தவேண்டாம். எட்டுப் பேரில் ஆறு பேர் இவற்றில் எதையும் பார்த்ததில்லை.

தென்காசிச் சாரல் எழுதியது:

முதலில் ஒரு வேண்டுகோள்: 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதை முதலில் போட்டால், பின்னால் வரும் படங்களெல்லாம் அதன் இரைச்சலுக்கு முன்னே ஊமையாகிவிடும். தொடக்கத்துக்கு ஏற்றது 1997-ல் சதோஷி கோன் இயக்கிய 'பர்ஃபெக்ட் புளூ' என்னும் ஜப்பானிய அசைவூட்டப் படம். அதுதான் அவருடைய முதல் படம். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும்.

அதன் கதை இதுதான். மீமா என்ற இளம்பெண் மூவர் பாடும் ஒரு குழுவை விட்டு விலகி நடிகையாகிறாள். அவள் பெயரில் யாரோ ஒருவர் இணையத்தில் ஒரு நாட்குறிப்பை எழுதத் தொடங்குகிறார். கணினியே புதிதாக வாங்கியவள் அவள். முதலில் வேடிக்கையாகத்தான் அதைப் படிக்கிறாள். ரயிலிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள் என்பது வரை அந்தக் குறிப்பில் இருப்பதைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மறைகிறது. நாள் செல்லச் செல்ல, தான் வாழும் வாழ்க்கையை விட அந்தப் பக்கத்தில் எழுதப்படும் வாழ்க்கையே உண்மையானதோ என்ற ஐயம் அவளுக்கே வந்துவிடுகிறது. கைப்பேசியில் ஊரே உலாவும் இந்தக் காலத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்ட படம் இது என்பதை உங்கள் மருமகளிடம் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் அவள் பாடம் கேட்பது போல உட்கார்ந்துவிடுவாள்.

இந்தப் படங்களை நான் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒரு வகையில் ஒப்பந்தம் இருக்கிறது. பிசாசுக்கு ஆன்மாவை எழுதிக்கொடுத்த பழைய ஐரோப்பியக் கதையின் பேரப்பிள்ளைகள் அவை. 'தி சப்ஸ்டன்ஸ்' அந்த வகையைச் சேர்ந்தது. ஐம்பது வயதானதும் வேலையிலிருந்து நீக்கப்படும் தொலைக்காட்சி நட்சத்திரம் எலிசபெத் ஒரு மருந்தை வாங்குகிறாள்; அவள் உடலிலிருந்தே இளையவள் ஒருத்தி பிறக்கிறாள்; ஏழு நாள் இவள், ஏழு நாள் அவள் என்று முறை வைத்துக்கொள்ள வேண்டும். விதி ஒன்றும் மறைக்கப்படுவதில்லை. பெட்டியிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அடகுக்கடைக்காரன் வட்டியைச் சொல்லித்தான் பணத்தைக் கொடுக்கிறான். நகை மூழ்கினால் பழி நம்மீதுதான். இந்த வகைப் படத்தில் பார்வையாளர் நீதிபதியின் நாற்காலியில் வசதியாக உட்கார்ந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது. உங்கள் மருமகளுக்குத் தோன்றிய ஐயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வகையில் ஒப்பந்தமே இல்லை. கண்கள் மட்டுமே இருக்கின்றன. 'கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது' என்று நம் ஆச்சிமார் சொல்லிச் சொல்லி வளர்த்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைப்பதும், புது வீட்டு வாசலில் பூசணிக்காய் கட்டுவதும், ஆயிரம் பேர் பார்வை ஒன்றின் மீது குவிந்தால் அது தாங்காது என்ற அச்சத்தில்தானே? சினிமாக்காரர்களும் படப்பிடிப்பின் கடைசி நாளைப் 'பூசணிக்காய் உடைத்தாயிற்று' என்றே சொல்கிறார்கள். 'பர்ஃபெக்ட் புளூ' முழுக்க முழுக்கக் கண்ணேறு பற்றிய படம் என்றே நான் சொல்வேன். மீமா யாரிடமும் எதையும் அடகு வைக்கவில்லை, பார்க்கப்பட்டாள், அவ்வளவுதான். 2024-ல் வந்த 'ஸ்மைல் 2' படத்திலும் அந்த வாடை உண்டு. அதில் வரும் சாபத்தின் அடையாளம் சிரிப்பு; கதைத்தலைவியோ மேடையிலும் வெளியிலும் அன்பர்களைக் கண்டால் சிரித்தே ஆகவேண்டிய பாடகி. எதிரே சிரித்துக்கொண்டு வருபவர் ரசிகரா, பேயா என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இனி அவளுடைய கேள்விக்கு வருகிறேன். 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தில் துளி இரத்தமும் இல்லாத ஒரு காட்சி இருக்கிறது. எலிசபெத் பழைய பள்ளித் தோழர் ஒருவரைச் சந்திப்பதற்காக அலங்காரம் செய்துகொள்கிறாள். கிளம்பிக் கதவு வரை போகிறாள். சன்னலுக்கு வெளியே அந்த இளையவளின் பிரம்மாண்டமான விளம்பரப் பலகை தெரிகிறது. திரும்பி வந்து கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயத்தைத் திருத்துகிறாள், கழுத்தைத் துணியால் மறைக்கிறாள், மீண்டும் கிளம்புகிறாள், மீண்டும் திரும்புகிறாள். கடைசியில் முகம் முழுவதும் சாயம் இழுபட, தன் முகத்தைத் தானே தேய்த்து அழிக்கிறாள். அந்த ஐந்தாறு நிமிடமும் படம் அவளுக்காக அழுகிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இறுதிப் பகுதியில் அது சிரிக்கிறது. எனக்கு அந்தப் பகுதி நீளமாகவும் தன்னைத் தானே மெச்சிக்கொள்வதாகவும் பட்டது. ஆகவே 'இரண்டும் செய்கிறது, அழும்போது நன்றாக இருக்கிறது' என்று அவளிடம் சொல்லலாம்.

2010-ல் வந்த 'பிளாக் ஸ்வான்' படத்தைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். நான் சேர்க்கமாட்டேன். அந்த நாட்டியக்காரி தேடுவது குற்றமற்ற ஆட்டத்தை. கைதட்டல் அவளுக்கு இரண்டாம்பட்சம். அது வேறு நோய்.

வள்ளியூர்க்காரி எழுதியது:

சாரல் அண்ணாச்சி சொன்ன இரண்டு வகையோடு மூன்றாவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நான் சென்னையில் ஆறு ஆண்டுகள் கோரஸ் பாடியும் டிராக் பாடியும் பிழைத்தவள் என்பதால் எனக்கு அதுதான் முதல் வகை.

டிராக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இசையமைப்பாளர் மெட்டை முடித்ததும், பெரிய பாடகர் வருவதற்கு முன், அந்தப் பாட்டை முழுவதுமாக ஒருவர் பாடிப் பதிவு செய்து வைப்பார். பெரிய பாடகர் வந்து அதைக் கேட்டுப் பாடிய பிறகு அந்தக் குரலை அழித்துவிடுவார்கள். சில வேளைகளில் 'உன் குரலையே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது, பொறுத்திரு' என்பார்கள். அந்தப் 'பொறுத்திரு' என்ற ஒரு சொல்லை நம்பி நான் இரண்டு திருமணப் பேச்சுகளைத் தள்ளிப்போட்டேன். அப்பாவின் கண் அறுவைக்கு ஊருக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள், வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் அந்தப் பாட்டு ஒலித்தது. சரணத்தில் நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவர் மூச்சு வாங்குகிறார். நானாக யோசித்துப் போட்ட சங்கதி, என் நெளிவு, என் தயக்கம் உட்பட, வேறொருவர் தொண்டையிலிருந்து வருகிறது. பக்கத்தில் இருந்த ஆச்சி, "என்னா அருமையாப் பாடுதா" என்றாள். பேய் பிடித்தால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் அந்தப் பேருந்தைத்தான் சொல்வேன். அந்தப் பாடகர் மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

ஆகவே என் மூன்றாவது வகை, விலையை வாங்கிக்கொண்டு சரக்கைத் தராத படங்கள். 2014-ல் வந்த 'ஸ்டாரி ஐஸ்' இதற்கு நல்ல உதாரணம். சேரா என்ற பெண் உணவகத்தில் பரிமாறிக்கொண்டே நடிப்புத் தேர்வுகளுக்குப் போகிறவள். ஆத்திரம் வந்தால் தன் தலைமுடியைத் தானே பிடுங்கிக்கொள்வது அவளுக்கு யாரும் அறியாத பழக்கம். ஒரு தேர்வில் அவள் நடிப்பைப் பார்த்தவர்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 'நன்றி, போகலாம்' என்கிறார்கள். கழிப்பறைக்குள் போய்க் கதறி முடியைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதைக் கேட்டுவிட்ட தேர்வாளர் அவளை மறுபடியும் உள்ளே அழைத்து, அங்கே செய்ததை எங்கள் முன்னால் செய் என்கிறார். நடிப்பு அவர்களுக்கு வேண்டாம். அவள் ஒளித்து வைத்திருந்த வலிதான் வேண்டும். அதற்குப் பின்னால் வரும் சடங்குகளும் கோரங்களும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த ஒரு காட்சிதான் ஸ்டூடியோ வாசலில் நாற்காலியில் காத்திருந்த எவருடைய உறக்கத்தையும் கெடுக்கும்.

உங்கள் நான்கில் 2022-ல் வந்த 'பெர்ல்' கட்டாயம் இருக்கவேண்டும். கதை 1918-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் நடக்கிறது. வெளியே கொள்ளைநோயாக இன்ஃபுளுவென்சா; கணவன் போருக்குப் போயிருக்கிறான்; தந்தை அசைவற்றுக் கிடக்கிறார்; தாய் கடுகடுப்பானவள். பெர்ல் தொழுவத்தில் மாடுகளுக்கு முன்னால் ஆடிக்காட்டுகிறாள். தேவாலயத்தில் நடக்கும் நடனத் தேர்வுக்குப் போகும்போது, தன் உயிரே அந்த மேடையில் இருப்பதாக நினைக்கிறாள். அவளை நான் எங்கள் ஊரில் பலமுறை பார்த்திருக்கிறேன். கொலைகாரியாக இல்லை, கோயில் கொடைத் திருவிழாவில் நடக்கும் பாட்டுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய பிள்ளைகளின் முகத்தில். கதையை எழுதியதில் நடித்தவருக்கும், அதாவது மியா கோத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் படம் சிரித்துக்கொண்டே அழுகிறது என்று மருமகளிடம் சொல்லலாம். படத்தின் கடைசிப் பிம்பமும் அதுதான், இதற்கு மேல் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.

ஒரு குறையையும் பதிவு செய்துவிடுகிறேன். இந்தப் படங்களில் விலை கொடுப்பது ஏன் பெரும்பாலும் பெண்ணின் உடலாகவே இருக்கிறது? 2016-ல் வந்த 'தி நியான் டீமன்' படத்தில் பதினாறு வயதுப் பெண்ணிடம், யார் கேட்டாலும் பத்தொன்பது என்று சொல் என்கிறார்கள். படம் அதைக் கண்டிப்பதுபோல் காட்டிக்கொண்டே அவளைப் பளபளப்பான பொருளாகத்தான் ஒவ்வொரு சட்டகத்திலும் நிறுத்துகிறது. அது எனக்கு ஒவ்வாது. 'தி சப்ஸ்டன்ஸ்' இயக்குநர் கொரலி ஃபார்ஜா ஒரு பெண் என்பதால், அந்தக் கண்ணாடிக் காட்சி வேறு யாருக்கும் வாய்த்திருக்காது என்று தோன்றுகிறது. இன்னொன்று: நான் சொன்ன எல்லாமே பெரியவர்களுக்கான படங்கள். மாடியில் அண்டை வீட்டுச் சிறுபிள்ளைகள் வந்து உட்காரும் வழக்கம் இருந்தால் அந்த நான்கு சனிக்கிழமைகளில் மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள்.

பழைய ஆபரேட்டர், அம்பாசமுத்திரம் எழுதியது:

தம்பி, தங்கை இருவரும் எழுதியதைப் படித்தேன். நீங்கள் சொன்ன புதிய படங்கள் சிலவற்றை என் பேரன் புண்ணியத்தில் பார்த்திருக்கிறேன். 'பெர்ல்' படத்தில் திரையரங்கில் படம் ஓட்டும் ஆபரேட்டரை ஆசைகாட்டி ஏமாற்றுகிறவனாகக் காட்டியிருப்பதை மட்டும் எங்கள் இனத்தின் சார்பில் கண்டிக்கிறேன். கார்பன் குச்சி இரண்டையும் எரியவிட்டு, அது தேயத் தேயத் தள்ளிக்கொடுத்து, கண்ணும் கையும் அதிலேயே இருக்கவேண்டிய அறையில் பெண்ணுக்கு ஆசைகாட்ட ஏது நேரம்?

தமிழில் இப்படி ஒரு பேய்ப்படம் ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். நம் பேய்ப்படங்களில் பேய் என்பவள் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்டவள். திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறாள். விலை கொடுப்பவன் வில்லன். பேர் வாங்க நினைத்தவன் தன்னையே தின்றுகொள்ளும் கதைக்கு அந்தச் சட்டியில் இடமில்லை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயனுக்குச் செருப்பை நேர்ந்து காணிக்கை வைக்கிறார்கள். அந்தப் பட்டவராயன், அதாவது முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன். குடத்தைத் தட்டி, வீசுகோலால் வில்லை அடித்து, விடிய விடிய அவன் கதையைப் பாடுகிறார்கள். அவன் பேர் கேட்டுச் சாகவில்லை. செத்த பிறகு பேர் தானாக வந்தது. நம் சீமையில் விலை முதலில், புகழ் பின்னால். அமெரிக்கப் படத்தில் புகழ் முதலில், பில் பின்னால். அதனால்தான் நமக்கு அந்தக் கதை சற்று அந்நியமாகத் தெரிகிறது.

விலை மட்டும் கொடுத்துப் புகழே காணாதவர்களும் நம்மிடம் உண்டு. சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்குக் கைவெட்டு தெரிந்திருக்கும். மகுடம் என்னும் பறை முழங்க இரவெல்லாம் ஆடிப் பாடியவர்களில் ஒருவர் தம் கையைக் கீறிச் சாமிக்கு இரத்தம் கொடுப்பார். விடிந்ததும் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கொடைக்குப் பேருந்து ஏறிவிடுவார். ஊர்க்காரர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நான் முப்பது கொடை பார்த்தவன். எனக்கு ஒருவர் பெயரும் தெரியாது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

படமாக வராவிட்டாலும் நடந்த கதை நம்மிடம் இருக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது வந்த சில வாரங்களில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அந்தப் படத்தின் கதாநாயகன் தியாகராஜ பாகவதரும், நாகர்கோவில்காரரான நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆள் சிறைக்குள்ளே, அவருடைய உருவமோ பட்டு உடுத்திக் குதிரை மேல் அமர்ந்து ஊருக்கு நடுவே பாடிக்கொண்டிருக்கிறது. ஒரே உடலிலிருந்து இரண்டு பேர் பிறக்கும் படத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்கு மருந்து எதற்கு, ஒரு புரொஜெக்டர் போதும். பாகவதர் 1947-ல் விடுதலையாகி வந்தார். திரையில் இருந்த அந்த மற்றவருக்குக் கிடைத்த கூட்டம் வெளியே வந்தவருக்குக் கிடைக்கவில்லை. 1959-ல், ஐம்பது வயது நிரம்புமுன்பே போய்விட்டார்.

விடுதலைக்குப் பின் அவர் எடுத்த 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போனவர் நம் புதுமைப்பித்தன். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்தவர், பேய்க்கதையும் எழுதியவர். அவர் புகழுக்காகப் போனார் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், பிழைப்புக்காகப் போனார். அங்கே காசநோய் முற்றி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் 42 வயதில் காலமானார். புகழின் உச்சியிலிருந்து விழுந்த ஒருவரும், வாழும்போது புகழின் பலனைக் காணாத ஒருவரும் ஒரே படத்தில் வேலை செய்திருக்கிறார்கள். இதை யாராவது பேய்ப்படமாக எடுத்தால் என் பழைய கார்பன் விளக்கைத் தூசி தட்டி நானே ஓட்டுவேன்.

மாடிவீட்டுத் தம்பிக்கு என் ஆலோசனை: 1950-ல் பில்லி வைல்டர் எடுத்த 'சன்செட் பொலிவார்ட்' படத்தை முதலில் போடுங்கள். ஊமைப்படக் காலத்து நட்சத்திரம் ஒருத்தி பாழடைந்த மாளிகையில் தன் பழைய படங்களைத் தானே ஓட்டிப் பார்த்துக்கொண்டு வாழ்கிறாள். அந்த வேடத்தில் நடித்த குளோரியா ஸ்வான்சன் உண்மையிலேயே ஊமைப்பட நட்சத்திரம். வேலைக்காரராக வரும் எரிக் ஃபான் ஸ்ட்ரோஹைம் ஒரு காலத்தில் அவரை வைத்துப் படம் இயக்கியவர். இருவரும் வேடம் போட்டுக்கொண்டு தங்கள் கதையைத் தாங்களே நடிப்பது போல இருக்கும்.

தென்காசிச் சாரல் எழுதியது:

ஆபரேட்டர் அண்ணாச்சிக்கு வணக்கம். பாகவதர் செய்தியை நான் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. நான் ஒப்பந்தம், கண் என்று பிரித்ததில் திரையில் இருக்கும் உருவத்தை விட்டுவிட்டேன். நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். ஆனாலும் 'சன்செட் பொலிவார்ட்' பேய்ப்படம் ஆகுமா? அதில் பேயும் இல்லை, சாபமும் இல்லை.

பழைய ஆபரேட்டர், அம்பாசமுத்திரம் எழுதியது:

தம்பி, அந்தப் படத்தின் முதல் காட்சியிலேயே ஒருவன் நீச்சல் குளத்தில் பிணமாக மிதக்கிறான். கதை முழுவதையும் சொல்பவன் அவன்தான். செத்தவன் உட்கார்ந்து கதை சொன்னால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர்?

பாளை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியவற்றை மருமகளுக்கும் படிக்கக் கொடுத்தேன். வள்ளியூர் அக்கா எழுதிய பேருந்துச் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தப் பாட்டு எதுன்னு கேளுங்க மாமா" என்றாள். கேட்கக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். 'தி சப்ஸ்டன்ஸ்' பற்றிய தன் கேள்விக்குச் சாரல் அவர்கள் சொன்ன பதிலை அவள் முழுவதுமாக ஏற்கவில்லை. கண்ணாடிக் காட்சியில் படம் அழுவதை ஒப்புக்கொள்கிறாள். ஆனால் இறுதிப் பகுதியில் சிரிப்பது படம் இல்லையாம். படத்துக்குள் இருக்கும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நாம்தான் சிரிக்கிறோமாம், படம் நம்மைச் சிரிக்க வைத்து வேடிக்கை பார்க்கிறதாம். எனக்கு இன்னும் ஒரு முறை பார்த்தால்தான் தெரியும்.

வரிசை இப்படி முடிவாகியிருக்கிறது. தை மாதம் 'சன்செட் பொலிவார்ட்', மாசியில் 'பர்ஃபெக்ட் புளூ', பங்குனியில் 'பெர்ல்', சித்திரையில் 'தி சப்ஸ்டன்ஸ்'. 'ஸ்டாரி ஐஸ்' படத்தை முதலில் நான் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். குழுவில் இருவர் இரத்தத்தைக் கண்டால் எழுந்து போய்விடுவார்கள். பங்குனியில் உத்திரத்துக்கு எல்லோரும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவதால் அந்த மாதம் மட்டும் சனிக்கிழமை மாறக்கூடும்.

ஆபரேட்டர் அண்ணாச்சி தை மாதத்துக்குக் கட்டாயம் வரவேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர ஆள் அனுப்புகிறேன்.

பழைய ஆபரேட்டர், அம்பாசமுத்திரம் எழுதியது:

வருகிறேன் தம்பி. வேட்டியை முதல் நாளே கஞ்சி போட்டு, பெட்டி போட்டு வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்த அம்மாள் முகத்தில் அது கோடாக விழும், அதற்கே அவள் படத்தில் போதுமான கவலைப்படுகிறாள். மாடிப்படி செங்குத்தா என்று சொல்லுங்கள். எனக்கு முழங்கால் சரியில்லை. பாயில் உட்கார முடியாது, கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும்.